லோயர் ஆர்ம் புஷ்: புஷ் மட்டும் மாற்றலாமா, ஆர்மையே மாற்றலாமா?

பிரேக் பிடித்தால் முன்பக்கம் ‘டொக்’ என்று ஒரு தட்டு. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். டயரில் உள்விளிம்பு மட்டும் தேயும். 2005-ல் வந்த முதல் ஸ்விஃப்ட் வயதுள்ள வண்டிகளை அம்பாசமுத்திரம், தென்காசி ரோடுகளில் ஓட்டுகிறவர்களுக்கு இது பழகின வியாதி. இழுவை, திருப்பம், பிரேக்கின் பெரும்பங்கு எல்லாமே முன்சக்கரத்தின் தலையில்தான். சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு கீழே இணைக்கும் இரும்புக் கைதான் லோயர் ஆர்ம். அந்த அடியை வாங்குவது அதில் இருக்கும் ரப்பர் புஷ், அதாவது நடுவில் குழாய் வைத்த ரப்பர் உருளை. பெரும்பாலும் ஆர்மின் பின்பக்கத்துப் புஷ்தான் முதலில் கிழியும். கம்பியை விட்டு நெம்பினால், நடுக்குழாயைச் சுற்றி ரப்பர் வாய் பிளப்பது கண்ணுக்கே தெரியும்.

செலவில் குறைவு புஷ் மட்டும் மாற்றுவது. ஆனால் ஆர்மைக் கழற்றி, ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்குகிற இடமென்றால் வேண்டாம். ஆர்மின் துளையே கோணிவிடும். ரப்பரில் இருக்கும் இடைவெளி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் பழையதை எடுக்கும் முன் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். திசை மாறினால் புது புஷ்ஷும் சீக்கிரம் போகும்.

முழு ஆர்ம் வாங்கினால் புஷ் ஏற்றியே வரும். பல வண்டிகளில் பால் ஜாயிண்டும், அதாவது ஆர்மின் சக்கரப் பக்க நுனியில் இருக்கும் உருண்டை மூட்டும், அதோடு வரும். என் தீர்ப்பு அந்தப் பால் ஜாயிண்டில்தான் இருக்கிறது. அதில் ஆட்டம் இருந்தாலோ, அதன் மேலுறை ரப்பர் கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருந்தாலோ, புஷ் மட்டும் போடுவது வீண். கொஞ்ச நாளில் அதே வேலைக்கு மறுபடியும் கூலி கொடுப்பீர்கள். உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டியா? துரு எவ்வளவு தூரம் தின்றிருக்கிறது என்றும் பாருங்கள். பால் ஜாயிண்ட் கெட்டியாக, ஆர்ம் சுத்தமாக இருந்தால் புஷ் போதும். விற்கப்போகும் வண்டிக்கும் அப்படித்தான்.

முழு ஆர்ம் என்றால் ஒரிஜினல்தான். பெயர் தெரியாத மலிவு ஆர்மைவிட, பழைய ஆர்மில் நல்ல புஷ் ஏற்றியது எவ்வளவோ மேல்.

ரப்பருக்குப் பதில் கெட்டியான பாலியூரித்தேனில் செய்த புஷ்? ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு நல்லது. ஸ்டீயரிங் இறுக்கமாகப் பேசும், ரப்பர் மாதிரி வெடிக்காது. ஆனால் ரோட்டின் நடுக்கமெல்லாம் உள்ளே வரும், கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். பின்சீட்டில் ஆச்சியை உட்காரவைத்துப் பாபநாசம் போகிற வண்டிக்கு இது எதற்கு?

எதைப் போட்டாலும் ஒரு விஷயத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்ட்டை இறுக்கிவிடுவார்கள். ரப்பர் புஷ்ஷின் நடுக்குழாய் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, எப்போதும் அந்த இழுப்பிலேயே நிற்கும். அப்புறம் கிழியாமல் என்ன செய்யும்? “அண்ணாச்சி, சக்கரத்துல வெயிட் ஏத்திட்டு கடைசி இறுக்கு இறுக்குங்க” என்று வாய்விட்டே சொல்லிவிடுங்கள். இறுக்கி முடித்த பிறகு வீல் அலைன்மென்ட். பழைய புஷ்ஷோடு செய்து வைத்த அலைன்மென்ட் இதற்கு உதவாது.