டோட்டல் அனிஹிலேஷன்: எரியுற மரத்துல ஆரம்பிச்சு இன்னும் முடியல

டோட்டல் அனிஹிலேஷன்ங்கற இந்த கம்ப்யூட்டர் ஸ்ட்ராட்டஜி கேமை (படை கட்டி எதிரியோட மோதுற கேம்) நான் முதன்முதலா பாத்தப்ப ஸ்க்ரீன்ல ஒரு மரம் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பெரியம்மா பையன் அண்ணன் ஒருத்தர் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து ஏதோ சண்டை போட்டுக்கிட்டு இருந்தாரு, நான் பின்னாடி நின்னு எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தேன், அவர் சுட்ட குண்டு எதிரி டாங்க் மேல படாம பக்கத்துல இருந்த மரத்துல பட்டு அது பத்திக்கிச்சு, அதுல இருந்து அடுத்த மரம், அப்புறம் அதுக்கு அடுத்தது. நான் அதை பக் (bug)னு நினைச்சேன். "அண்ணே, கேம் கெட்டுப்போச்சு போல"ன்னேன். அவர் திரும்பிக்கூட பாக்கல, "டேய், காடு எரியுதுடா, பேசாம நில்லு"ன்னாரு. கொஞ்ச நேரத்துல அந்த நெருப்புக்குள்ள மாட்டுன அவரோட சின்ன ரோபோ ஒண்ணு வெடிச்சு சிதறுச்சு. அதோட நான் காலி.

அதுவரைக்கும் நான் ஆடுன ஸ்ட்ராட்டஜி கேம்ல எல்லாம் மரம்னா சும்மா ஒரு படம், இல்லன்னா ஆள் வந்து வெட்டிட்டுப் போறதுக்கு ஒரு பொருள். குண்டுன்னா சுட்டா பட்டுரும், நடுவுல மலை இருந்தாலும் பட்டுரும், ஏன்னா அங்க குண்டுன்னு ஒண்ணு கிடையாது, ஒரு கணக்குதான் ஓடும். இதுல அப்படி இல்ல. ஒவ்வொரு குண்டும் நிஜமாவே பறந்து போகும், நடுவுல மேடு இருந்தா மேட்டுல முட்டும், குறுக்க ப்ளேன் வந்தா ப்ளேன்ல பட்டுரும், எதிரி நகந்துட்டா வெறும் தரையில விழும். 1997-ல இதைப் பண்ணியிருக்காங்கன்னு இப்ப நினைச்சாலும் ஆச்சரியமா இருக்கு. தரை மட்டும் தட்டையா வரைஞ்ச படம், ஆனா அதுக்கு அடியில உயரக் கணக்கு இருக்கு, அதுக்கு மேல டாங்க், ரோபோ, ப்ளேன் எல்லாம் நிஜ 3டி.

அப்புறம் இத்தனை வருஷத்துல இந்த கேம் ஆடுற பலபேர்கிட்ட "நீ எப்படிடா இதுக்குள்ள வந்த"ன்னு கேட்டிருக்கேன், ஒருத்தன்கூட பெட்டியைப் பாத்து வாங்குனேன்னு சொன்னதில்ல. அந்த நேரத்துல எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த மாதிரி கேம்தான். கமாண்ட் அண்ட் காங்கர், வார்கிராஃப்ட் 2 ரெண்டும் ஹிட்டானதுல எல்லாரும் ஒண்ணு இறக்கினாங்க, அதே 1997-லதான் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸும் வந்துச்சு, அடுத்த வருஷமே ஸ்டார்கிராஃப்ட் வந்து எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிருச்சு. அந்தக் கூட்டத்துல கேவ்டாக்னு பேரே கேள்விப்படாத கம்பெனியோட முதல் கேமை யார் தேடிப் போவாங்க? அதனால எல்லாருக்கும் இது தற்செயலாத்தான் கிடைச்சிருக்கு. ஒருத்தனுக்கு மேகசினோட வந்த டெமோ சிடி, ஒருத்தனுக்கு ஃப்ரெண்டு மறந்து விட்டுட்டுப்போன டிஸ்க், பாதிப்பேருக்கு என்னை மாதிரி யாரோ ஒருத்தர் தோள் வழியா பாத்தது. கேட்டா எல்லாரும் ஒரே ஒரு காட்சியைத்தான் சொல்வாங்க, கதையை யாரும் சொல்றதில்ல. எனக்கு மரம். ஒருத்தனுக்கு பிக் பெர்த்தா பீரங்கி மேப்போட ஒரு கோடியில இருந்து மறு கோடிக்கு சுட்டது, குண்டு எங்கேர்ந்து வருதுன்னே தெரியாம அவன் கட்டி வெச்சிருந்த தளம், அதான் பேஸ், கொஞ்சம் கொஞ்சமா காணாமப் போச்சாம், அன்னிக்கு ராத்திரியே டிஸ்கைக் கடன் வாங்கிட்டு வந்துட்டானாம்.

நான் சொந்தமா ஆட ஆரம்பிக்க ஒரு வருஷம் ஆச்சு. 32 எம்பி ராம் இருந்த பழைய கம்ப்யூட்டர், சண்டை பெருசானா படம் படமாத்தான் நகரும், ஆனாலும் விடல. ஆரம்பத்துல கையில இருக்குறது ஒரே ஒரு ஆள், கமாண்டர். அவனே கட்டுவான், அவனே சுடுவான், உடைஞ்சு கிடக்குறதைப் பிரிச்சு எடுப்பான், மரத்தைக்கூட உறிஞ்சி எனர்ஜி ஆக்குவான். கையில டி-கன்னு ஒரு ஆயுதம், எதிர்ல எவ்வளவு பெரிய டாங்க் வந்தாலும் ஒரே அடி, முடிஞ்சுது. சொந்த ஃபேக்டரி குறுக்க இருந்தா அதுவும் முடிஞ்சுது, அந்தப் பாடத்தை நான் ரெண்டு தடவை படிச்சேன்.

மெட்டல், எனர்ஜி, இது ரெண்டுதான் பொருளாதாரம். ஆனா மத்த கேம் மாதிரி காசு சேத்து வெச்சு ஒரு டாங்க் வாங்குற வேலை இல்ல, தண்ணி மாதிரி ஒரு பக்கம் வந்துக்கிட்டே இருக்கும், இன்னொரு பக்கம் போய்க்கிட்டே இருக்கும். நீ எதை வேணா கட்ட ஆரம்பிக்கலாம், கேம் தடுக்காது, ஆனா வரத்தைவிட செலவு அதிகமானா எல்லாமே ஊர ஆரம்பிச்சிரும். என் முதல் பத்து கேமும் இப்படித்தான் போச்சு, ஆசை ஆசையா நாலு ஃபேக்டரி கட்டி எல்லாத்துலயும் ஆர்டர் போட்டு, சோலார் பேனல் மட்டும் அஞ்சே அஞ்சு, எனர்ஜி சைபருக்குப் போயிரும், ஃபேக்டரி நிக்கும், ராடார் அணையும், லேசர் டவர்கூட எதிரி கண்ணு முன்னாடி நிக்கும்போது சுடாம சும்மா நிக்கும். அந்த லேசர் டவரைப் பாத்து நான் திட்டினதை அம்மா கேட்டு கம்ப்யூட்டரையே ஆஃப் பண்ணிட்டாங்க. தப்பு என்னோடதுன்னு புரிய ரொம்ப நாள் ஆச்சு.

இந்த கேமை இவ்வளவு காலம் ஆடவெச்சது எதுன்னு கேட்டா நான் மரத்தைச் சொல்ல மாட்டேன், உடைஞ்ச இரும்பைத்தான் சொல்வேன். ஒரு டாங்க் செத்தா அது மறையாது, அதோட எலும்புக்கூடு அங்கேயே கிடக்கும். அது வழியை அடைக்கும், பின்னாடி வர்ற குண்டைத் தாங்கும், மேல மேல அடிச்சா குப்பை மேடா மாறும், கட்டுற வண்டி ஒண்ணு பக்கத்துல வந்தா அதைப் பிரிச்சு மெட்டலா எடுத்துக்கலாம். இதனால என்ன ஆகும்னா, நீ எதிரி வாசல்ல போய் முப்பது டாங்கைத் தொலைச்சா, அவனுக்கு முப்பது டாங்கோட இரும்பைப் பரிசா குடுத்துட்டு வந்திருக்கன்னு அர்த்தம். ஒரு தடவை கம்ப்யூட்டரோட ஆடும்போது ரெண்டு மலைக்கு நடுவுல குறுகலான ஒரு பாதையில ரெண்டு பக்கமும் மாறி மாறி ஆளை அனுப்பி அனுப்பி கடைசில அங்க தரையே தெரியல, முழுக்க துருப்பிடிச்ச இரும்பு, என் பீரங்கி சுட்டா அந்த இரும்புலயே பட்டுச்சு. சண்டையை நிறுத்திட்டு நாலு கட்டுற ரோபோவை அங்க பேட்ரோல் (ரோந்து) போட்டு விட்டேன், அதுங்க பாட்டுக்குப் போய் வந்து பொறுக்கிக்கிட்டே இருந்துச்சு, நான் எழுந்து போய் சாப்பிட்டுட்டு வந்து பாத்தா மெட்டல் நிரம்பி வழியுது. அந்த இரும்புல கட்டுன படையை வெச்சுத்தான் அந்த கேமை முடிச்சேன்.

கதைன்னு பெருசா ஒண்ணும் இல்ல. மனுஷன் மனசை எடுத்து மெஷினுக்குள்ள போட்டா சாவே இல்லைன்னு ஒரு கூட்டம், அது கோர். எங்களுக்கு வேண்டாம், நாங்க உடம்போடயே இருந்துக்கறோம்னு பிரிஞ்சு போன கூட்டம், அது ஆர்ம். நாலாயிரம் வருஷம் அடிச்சுக்கிட்டு அண்டமே சாம்பல் ஆயிருச்சு, மிச்சம் இருக்குற ரெண்டு பேரும் கடைசி மூச்சு வரைக்கும் அடிச்சுப்பாங்க, அவ்வளவுதான். கதையோட ஒவ்வொரு கட்டமா தனியா ஆடுற கேம்பெய்ன் சுமார்தான். ஆனா இதோட சோகம் கதையில இல்ல, மியூசிக்ல இருக்கு. ஜெரமி சோல்னு ஒருத்தர், அப்ப சின்னப் பையன், நிஜ ஆர்கெஸ்ட்ராவை வெச்சு ரெக்கார்ட் பண்ணது, அதுவும் எல்லாரும் டெக்னோ போட்டுக்கிட்டு இருந்த காலத்துல. நீ பேஸ் கட்டும்போது மெதுவா ஓடும், சண்டை ஆரம்பிச்சா ட்ரம்பெட்டும் மேளமுமா எழும்பும். இன்னொரு விஷயம், அந்தப் பாட்டெல்லாம் டிஸ்க்லயே ஆடியோ டிராக்கா இருந்துச்சு, சாதாரண சிடி ப்ளேயர்ல போட்டா பாடும். முதல் டிராக்கை மட்டும் தாண்டிரணும், அது கேமோட டேட்டா. நான் ஆடுனதைவிட கேட்டது அதிகம்னுகூட சொல்லலாம்.

டாங்க், ரோபோ மாதிரி யூனிட்டுங்க பேசாதுங்குறதும் எனக்குப் பிடிச்ச விஷயம். மத்த கேம்ல க்ளிக் பண்ணா "யெஸ் சார்"னு கத்தும், இதுல மோட்டார் சத்தமும் பீப்பும்தான். ஆனா சாட்ல ப்ளஸ் சிங் (+sing)னு ஒரு ரகசிய கட்டளை அடிச்சா எல்லா ரோபோவும் பாட ஆரம்பிச்சிரும், யாரோ ஆபீஸ்ல உக்காந்து சிரிச்சுக்கிட்டே அதைப் பண்ணியிருக்கணும்.

லேன்ல, அதாவது பக்கத்துப் பக்கத்து கம்ப்யூட்டரை ஒயர்ல இணைச்சு ஆடுனது தனி அத்தியாயம். பத்து பேர் வரைக்கும் ஆடலாம், ஒரு டிஸ்கை வெச்சு மூணு பேர் சேரலாம்னு அனுமதியும் இருந்துச்சு, பாதிப்பேர் இதுக்குள்ள வந்ததே அந்த ஓசி சீட்டாலதான்னு நினைக்கறேன். ஒரு ஃப்ரெண்டு, பேர் வேண்டாம், சண்டையே போட மாட்டான், உள்ள உக்காந்து கட்டிக்கிட்டே இருப்பான். ஒருநாள் தோக்கப்போறான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அப்ப அவன் பேஸ்ல இருந்து ஒரே ஒரு ட்ரான்ஸ்போர்ட் ப்ளேன் கிளம்புச்சு, நான் கண்டுக்கல, ஒத்தை ப்ளேன்தானேன்னு. அது என் பேஸ் நடுவுக்கு வந்தப்புறம்தான் அது தூக்கிட்டு வந்தது அவன் கமாண்டரைன்னு தெரிஞ்சுது. கமாண்டர் செத்தா பக்கத்துல இருக்குற எதுவும் மிஞ்சாது. என் ஏவுகணை டவருங்க கரெக்டா தன் வேலையைச் செஞ்சு அந்த ப்ளேனைச் சுட்டுச்சு, என் பேஸ் மொத்தமும் போச்சு. டவரைக் குறை சொல்ல முடியுமா? அவன் ரெண்டு வாரம் அதையே சொல்லிச் சொல்லி சிரிச்சான்.

குறை இல்லாமலா? இருக்கு, நிறைய. வழி கண்டுபிடிக்கிற புத்தி யூனிட்டுக்கு சுத்தமா கிடையாது, இருபது டாங்கை ஒரு பாலத்துக்கு அனுப்பினா பத்து ஒண்ணை ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்கும், கப்பல் இன்னும் மோசம். கம்ப்யூட்டர் எதிரி மக்கு, ரெண்டு மாசத்துல சலிச்சிரும். ரெண்டு பக்கத்துக்கும் சேத்து 150-க்கு மேல யூனிட் இருந்தும் ஆர்முக்கு ஒண்ணு இருந்தா கோருக்கும் கிட்டத்தட்ட அதேதான், ஸ்டார்கிராஃப்ட் ஆடுறவங்க இதைச் சொல்லிக் கிண்டல் பண்ணுவாங்க, நியாயம்தான். ஆன்லைன்ல ஆர்மோட ஃப்ளாஷ் டாங்கை ஆரம்பத்துலயே கூட்டமா அனுப்பினா பாதி கேம் முடிஞ்சிரும், அந்தக் கடுப்புலயே ஒரு வருஷம் ஆடாம இருந்தேன். இப்ப ஸ்டீம், ஜிஓஜின்னு ஆன்லைன் கேம் கடைகள்ல கிடைக்குது, ஆனா 256 கலர்ல ஓடுற கேம், புது விண்டோஸ்ல கலர் கோளாறு வரலாம், ரசிகர்கள் பண்ணியிருக்குற பேட்ச் (கோளாறைச் சரிபண்ற ஃபைல்) போட்டுட்டு ஆடுங்க, இல்லன்னா வானவில் மாதிரி ஏதோ தெரியும்.

கேவ்டாக் ரொம்ப நாள் நிக்கல. 1999-ல கிங்டம்ஸ்னு மந்திர தந்திரத்தோட ஒண்ணு விட்டாங்க, அது ஒட்டல, கொஞ்ச நாள்ல கடையை மூடிட்டாங்க. டிசைன் பண்ண கிரிஸ் டெய்லர் வெளிய போய் 2007-ல சுப்ரீம் கமாண்டர் குடுத்தாரு, அதுக்கும் சோல்தான் மியூசிக். பேரோட உரிமை அங்க இங்க சுத்தி 2013-ல வார்கேமிங்னு ஒரு கேம் கம்பெனிகிட்ட போச்சு, அதுக்கப்புறம் புது கேம்னு ஒரு சத்தத்தையும் காணோம். ஆனா ரசிகர்கள் விடல. ஒரு ஸ்வீடன் க்ளான் (சேந்து ஆடுற குழு), தாங்க ஆடுன கேமை ரீப்ளே பாக்க 3டி-ல ஒரு வியூவர் பண்ண ஆரம்பிச்சு அது ஸ்ப்ரிங்னு ஒரு முழு எஞ்சினாவே, அதாவது கேமை ஓட்டுற அடிப்படை சாஃப்ட்வேராவே, ஆயிருச்சு. அந்த வம்சத்துல வந்ததுதான் இன்னிக்கு எல்லாரும் ஆடுற பியாண்ட் ஆல் ரீசன், இலவசம், ஓப்பன் சோர்ஸ், எட்டுக்கு எட்டு பேர் ஆடுற கேம் எந்நேரமும் ஓடுது. வழி கண்டுபிடிக்கிறது, கேமரா எல்லாம் அதுல ரொம்ப நல்லா இருக்கு, நானே வாரத்துல ரெண்டு நாள் அதைத்தான் ஆடறேன்.

போன வருஷம் என் அண்ணன் பையன், பதினாலு வயசு, யூட்யூப்ல அதோட மேட்ச் பாத்துட்டு வந்து "சித்தப்பா, இப்படி ஒரு கேம் இருக்கு தெரியுமா"ன்னு எனக்கே சொல்லிக் குடுத்தான். சிரிப்பை அடக்கிக்கிட்டு பழையதைப் போட்டுக் காட்டினேன். உக்காந்தவுடனே மவுஸ் வீலை உருட்டினான், ஜூம் ஆகல. திரும்ப உருட்டினான். "உடைஞ்சிருக்கா?"ன்னு கேட்டான். இல்லடா, இவ்வளவுதான் தெரியும்னேன், பத்து நிமிஷத்துல எழுந்துட்டான். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், என்ன பண்றது. ஆனா அடுத்த வாரம் ஃபோன் பண்ணி அந்தப் பாட்டு மட்டும் வேணும்னான். பழைய டிஸ்கைத் தேடி எடுத்து ஒவ்வொரு டிராக்கா காப்பி பண்ணி அனுப்பினேன், கீறல் விழுந்ததுல ஒரு டிராக் மட்டும் நடுவுல ரெண்டு இடத்துல துள்ளும். ஆன்லைன்ல நல்ல காப்பி இருக்குடா, அதை எடுத்துக்கோன்னு சொன்னேன், அவன் இன்னும் துள்ளுறதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கான்.