மதுரையில் தாடை எலும்புச் சிகிச்சை: நான்கு வார விடுப்பில் முடிந்த பாதி வேலை

டொராண்டோவிலிருந்து மாசி மாதத்தில் நான்கு வார விடுப்பில் மதுரைக்குச் சென்றபோது, ஆறு ஆண்டுகளுக்கு முன் பிடுங்கிய கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பதிலாக இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) வைத்துக்கொண்டே திரும்பிவிடலாம் என்று எண்ணியிருந்தேன். முதலில் பார்த்த மருத்துவமனையில், என் இரத்தத்திலிருந்து பி.ஆர்.பி. எனும், தட்டணுக்கள் செறிந்த இரத்த நீர்மத்தை எடுத்துச் செலுத்தினால் தேய்ந்துபோன தாடை எலும்பு மூன்றே வாரத்தில் வளர்ந்துவிடும் என்றார்கள். கட்டணத்தை உடனே எழுதித் தந்தவர்களால், எலும்பு தேய்ந்த பள்ளத்தை நிரப்ப அதனுடன் எந்த எலும்புத் துகளைச் சேர்ப்பார்கள் என்பதைச் சொல்ல முடியவில்லை. இது எனக்கு உறுத்தியது.

அத்தை மகள் அழைத்துச் சென்ற வேறொரு மருத்துவர், ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டி, அரைமணி நேரம் ஒதுக்கி விளக்கினார். இரத்தத் தட்டணுக்கள் தாமே எலும்பாக மாறுவதில்லை. அவை வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் எனும் புரதங்கள், சுற்றியுள்ள எலும்பில் உயிருடன் இருக்கும் செல்களை அவ்விடத்துக்கு ஈர்த்துப் பெருகத் தூண்டுகின்றன, புதிய இரத்தக் குழாய்கள் உருவாகவும் உதவுகின்றன. 1998-இல் அமெரிக்காவில் ராபர்ட் மார்க்ஸ் குழுவினர், பி.ஆர்.பி. சேர்த்த தாடை எலும்பு ஒட்டுகள் விரைவாக முதிர்ந்ததாக வெளியிட்ட பிறகு பல் மருத்துவர்களிடையே இம்முறை பரவியது என்றும், பின்னர் வந்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை என்றும் அவரே சொன்னார். விற்பவர் வாயிலிருந்து அந்த இரண்டாம் பகுதி வந்ததுதான் என் நம்பிக்கைக்குக் காரணம்.

சர்க்கரை நோய், புகைப்பழக்கம், ஆஸ்பிரின் ஆகியவை பற்றி விசாரித்த பிறகே நாள் குறித்தார். இரத்தத்தை உறையாமல் வைக்கும் சிட்ரேட் கலந்த குழாய்களில் எடுத்து, இயந்திரத்தில் இருமுறை சுழற்றிப் பிரித்தார்கள். சாதாரண இரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு 1.5 முதல் 4.5 லட்சம் வரை இருக்கும் தட்டணுக்கள், இவ்வாறு செறிவூட்டும்போது 10 லட்சம் அளவுக்கு உயர வேண்டுமாம். அதில் கால்சியம் குளோரைடு சேர்த்துக் கூழ்போல் இறுகியதும், எலும்புத் துகளுடன் கலந்து பள்ளத்தில் வைத்துத் தையல் போட்டார்கள்.

பத்தாம் நாள் தையல் பிரித்தபோது ஈறு நன்றாக ஆறியிருந்தது. அதை வைத்து உள்ளே எலும்பு வளர்ந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது என்று மருத்துவர் எச்சரித்தார். இம்பிளான்ட் வைக்க ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். எலும்புத் துகளின் தயாரிப்பு விவரம், தொகுதி எண், ஸ்கேன் நகல் எல்லாவற்றையும் கேட்காமலே ஒரு கோப்பில் வைத்துத் தந்தார். ஆவணியில் டொராண்டோவில் ஸ்கேன் எடுத்து அனுப்பி, அவர் பார்த்துச் சொன்ன பிறகே அடுத்த பயணத்துக்குச் சீட்டு எடுக்கப்போகிறேன்.