நடு வலியோடு ஊருக்குப் போய் வந்தேன்

மூன்றாம் நாளும் எண்ணெய் இடுப்பிலிருந்து வழிந்து விரிப்பில் தேங்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐந்து வருஷம் கழித்து மார்த்தாண்டத்துக்கு வந்ததில் பாதி, இந்த நடு வலிக்கு, அதாவது இடுப்பு வலிக்கு, ஒரு வழி பார்க்கத்தான்.

கடிவஸ்தி என்ற ஆயுர்வேதச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும். உளுந்து மாவைக் கெட்டியாகப் பிசைந்து இடுப்பின் மேல் வட்டமாக வரம்பு கட்டுவார்கள். அதற்குள் பொறுக்கும் சூட்டில் எண்ணெய் ஊற்றி, ஆற ஆற எடுத்துவிட்டுச் சூடாக ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அரை மணி, முக்கால் மணி அப்படியே குப்புறப் படுத்திருக்க வேண்டும். மாவு தோலில் ஒட்ட வேண்டுமென்றால் அந்த இடத்தில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. எனக்கோ உடம்பு முழுக்கத் தேய்த்துவிட்டு, சரியாகத் துடைக்காமலேயே மாவை வைத்தார்கள். முதல் நாள் ஓரத்தில் கசிந்தது. இரண்டாம் நாள் இரண்டு தடவை கட்டினார்கள். மூன்றாம் நாள் மாவு தளரப் பிசைந்திருந்ததால் கொஞ்ச நேரத்திலேயே ஒரு பக்கம் உடைந்தது. புதிதாகக் கட்டி முடிப்பதற்குள் கரண்ட் போனது. மின்சார அடுப்பு அணைந்து, பாத்திரத்தில் இருந்த எண்ணெயும் ஆறிவிட்டது. நாற்பது நிமிடத்துக்குக் காசு வாங்கியதில் எனக்குக் கிடைத்தது பத்து நிமிடச் சூடு.

ஆச்சி இருந்தவரை இதெல்லாம் வீட்டில்தான் நடக்கும். முறிவெண்ணெயை இரும்புக் கரண்டியில் சூடாக்கி, சிணுங்கச் சிணுங்கத் தேய்த்துவிடுவாள். அப்புறம் நொச்சி இலை போட்டுக் கொதித்த வெந்நீரைச் செம்பு செம்பாக இடுப்பில் விடுவாள். அன்று ராத்திரி கஞ்சியும் பயறும். விறகடுப்புக்குக் கரண்ட் தேவைப்படவில்லை.

நான் பர்மிங்காமில் 11 வருஷமாக நர்ஸ். அங்கே நோயாளியைக் கையால் தூக்கக் கூடாது. தூக்கும் கருவி உண்டு, படுக்கையில் நகர்த்த வழுக்கு விரிப்பு உண்டு, எப்படிக் குனிய வேண்டும் என்பதற்கே பயிற்சி உண்டு. இருந்தும் ஆள் பற்றாக்குறையான இரவுகளில் அவசரத்துக்குக் கைதான் முந்துகிறது. அப்படி ஒரு இரவில் பிடித்தது இந்த வலி. பிசியோதெரபிக்கு நாலு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். அந்தக் கோபத்தில்தான் டிக்கெட் போட்டேன்.

ஊரில் கடிவஸ்தி செய்த இடத்தில் டாக்டர் முதல் நாள் மூன்று நிமிடம் பார்த்தார். நாடி பிடித்தார், வாதம் என்றார், ஏழு நாள் பேக்கேஜ் எழுதினார். என்ன வேலை செய்கிறேன் என்று கேட்கவில்லை, முதுகைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இங்கிலாந்தில் ஜி.பி. என்கிற பொது மருத்துவர் பத்து நிமிடம்தான் தருகிறார் என்று நாங்கள் எப்போதும் குறைப்படுவோம். அந்தப் பத்து நிமிடத்திலும் அவர் மூன்று கேள்வியை விடவில்லை. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போகிறதா? தொடை இடுக்கு மரத்திருக்கிறதா? காலில் பலம் குறைகிறதா? இதில் எது இருந்தாலும் எண்ணெயும் வேண்டாம், கிழி ஒத்தடமும் வேண்டாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தண்டுவடத்தின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்கியிருக்கலாம். தாமதித்தால் போன பலம் திரும்பாமலே போகலாம். நடு வலிக்குக் காசு வாங்குகிற எந்த இடமும், எந்த மருத்துவ முறையாக இருந்தாலும், இதைக் கேட்காமல் ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றக் கூடாது.

காகிதக் கவரில் கறுப்புக் குளிகைகளும் தந்தார்கள். என்ன மருந்து, யார் செய்தது என்று எதுவும் அதில் எழுதியிருக்கவில்லை. கேட்டதற்கு, "நம்ம சொந்தத் தயாரிப்பு" என்றார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்துக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் 14 மருந்துகளில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. நம் மருத்துவத்தின் மேல் மதிப்பு இருப்பதால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். நான் குளிகையைத் தொடவில்லை.

நாலாம் நாள் அங்கே போகவில்லை. நாத்தனார் சொன்னதைக் கேட்டு நாகர்கோவிலுக்கு, கோட்டாறில் இருக்கும் அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனைக்கு பஸ் ஏறினேன். சீட்டு எழுதி, பெஞ்சில் காத்திருந்து பார்த்தது ஒரு இளம் பெண் டாக்டரை. எந்த நேரத்தில் வலி கூடுகிறது, எந்தப் பக்கம் படுக்கிறேன், மலச்சிக்கல் உண்டா, கால் மரக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மல்லாக்கப் படுக்க வைத்து ஒவ்வொரு காலாக நீட்டித் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி எதிர்த்து அழுத்தினார். பர்மிங்காமில் செய்ததும் இதே சோதனைதான். வலி காலுக்கு இறங்கினால் கிருத்ரசி என்றும், அந்த வலியில் கழுகு போலச் சாய்ந்து நடப்பதால் அந்தப் பெயர் என்றும், எனக்கு அது இல்லை என்றும் விளக்கினார். கடைசியில், "சிஸ்டர், தரையில இருக்குற உங்க பையை எடுங்க" என்றார். நான் எடுத்தேன். "முட்டி மடங்கவே இல்லையே" என்றார். 11 வருஷப் பயிற்சி எடுத்த எனக்கு அந்த ஒரு வார்த்தை நெஞ்சில் தைத்தது.

சஹசராதி கஷாயமும் தேய்க்கத் தன்வந்தரமும் எழுதினார். சூடும் எண்ணெயும் இறுகிய தசையை இளக்கும், இளகிய பிறகு நடக்காவிட்டால் மறுபடி இறுகும் என்றார். படுத்தே கிடக்கக் கூடாது, அரை மணிக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழ வேண்டும், ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே தலையணை, ராத்திரிச் சாப்பாடு சீக்கிரம், சூடாக. திரும்பி வந்து தேடியபோது, ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்துச் செய்து 2024-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. வலி ஆறியவர்களைப் படிப்படியாக, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நடக்கும் அளவுக்குப் பழக்கினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாள் ஆனது. அப்படிப் பழக்காதவர்களில் பாதிப் பேருக்கு 112 நாள். அந்த டாக்டர் சொன்னதும் இதைத்தான். அவ்வளவும் இலவசம்.

மீதி நாலு நாள் பணத்தைக் கேட்கப் பழைய இடத்துக்குப் போனேன். தர முடியாது என்றார்கள். வெளியே வரும்போது எனக்குத் தேய்த்துவிட்ட அக்கா வாசலுக்கு வந்தார். முதல் நாள் "மேடம்" என்றவர், எங்கள் வீடு எது என்று தெரிந்த பிறகு "மக்ளே" என்றுதான் கூப்பிடுவார். அந்தத் தாழ்ந்த மர மேசையில் ஒரு நாளைக்கு ஆறு பேருக்குக் குனிந்து தேய்க்கிறார். மூன்று நாளும் ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் தன் இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

"உங்களுக்கு நடு வலிக்கலியா அக்கா?"

"வலிக்காம இருக்குமா மக்ளே? ராத்திரி புரண்டு படுக்க முடியாது. அங்க ஆளத் தூக்க மெஷின் உண்டுமாமே, உள்ளதா?"

உண்டு என்றேன். படுக்கையையும் நம் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்றேன். உள்ளே போய் முதலாளியிடம் அந்த மேசையை உயர்த்தச் சொன்னேன். பார்க்கலாம் என்றார். அக்காவிடம் வந்து, ஒரு காலை முன்னால் வைத்து, முட்டியை மடக்கி, உடம்பின் பாரத்தால் அழுத்துவது எப்படி என்று வாசலிலேயே செய்து காட்டினேன். இரண்டு தடவை செய்து பார்த்தார். அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.