அலைநீளம் கேட்காமல் லேசருக்குக் காசு கட்டாதீர்கள்

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ "முடியை நிரந்தரமாக அகற்றும் லேசர், ஆறு தடவைக்கும் இப்பவே கட்டினால் கழிவு" என்று சொன்னால், முதலில் மெசின் பாய்ச்சும் ஒளியின் அலைநீளத்தைக் கேளுங்கள். 755, 810, 1064 நானோமீற்றர் என்று ஒரு எண் வரவேண்டும். ஐபிஎல் என்றால் அது லேசரே இல்லை, பல அலைநீள ஒளியைச் சேர்த்துப் பாய்ச்சும் விளக்கு. அதை லேசர் என்று விற்பதுதான் முதல் ஏமாற்று.

இந்த ஒளி கறுப்பு நிறமியைத்தான் சூடாக்கும். முடியில் இருக்கும் அதே நிறமி எங்கள் தோலிலும் இருக்கிறது. வயலிலும் ஏ9 வீதியிலும் வெயில் பட்டுக் கறுத்த கழுத்துக்கு ஐபிஎல்லோ 755ஓ அடித்தால், வேருக்குப் போகவேண்டிய சூடு மேல்தோலிலேயே நின்றுவிடும். முதலில் கொப்புளம், பிறகு மாதக்கணக்கில் மாறாத கருந்திட்டு, சிலருக்கு வெள்ளைத் திட்டு. கறுத்த தோலுக்கு 1064 என்டி யாக் என்ற வகை லேசர்தான் பாதுகாப்புக் கூடியது. குளிரூட்டும் முனையும் பழகிய கையும் இருந்தால் 810 டயோட் வகை லேசரும் சரி.

சுட்டுவிடும் என்று பயந்து சக்தியைக் குறைத்து அடிப்பவர்களும் உண்டு. காயம் வராததால் யாரும் சந்தேகப்படுவதில்லை. இரண்டு மூன்று கிழமையில் முடி உதிரும், அடுத்த மாதம் பழையபடி முளைக்கும். கேட்டால் "உங்களுக்கு ஹோமோன் பிரச்சினை" என்பார்கள். பிசிஓஎஸ் என்ற சூலக ஹோமோன் கோளாறு உள்ள பெண்களுக்கு நாடியில் முடி திரும்ப வரலாம்தான், ஆனால் அதைக் காசு வாங்கமுன் கேட்டிருக்க வேண்டும். இப்படி அடித்து முகத்திலும் கழுத்திலும் பூனைமுடி தடித்த முடியாக மாறுவதும் நடக்கிறது.

வளரும் பருவத்தில் உள்ள முடிதான் அழியும். அதனால் முகத்துக்கு 4 முதல் 6 கிழமை, உடம்புக்கு 6 முதல் 8 கிழமை இடைவெளி வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கூப்பிட்டால் உங்கள் காசு வீண். ஆறெட்டுத் தடவைக்குப் பிறகும் கிடைப்பது குறைப்புத்தான், முழு ஒழிப்பு இல்லை. நரைமுடிக்கு வேலையே செய்யாது.

"வக்ஸ் பண்ணிட்டு வாங்கோ" என்பவர்களுக்குத் தொழில் தெரியாது. ஒளியை வாங்க வேரோடு முடி இருக்கவேண்டும். ஆகவே லேசருக்கு முந்திய 4 கிழமைக்கு வக்ஸ், த்ரெடிங் வேண்டாம், முந்தின நாள் சவரம் மட்டும். தாடி ஓரம் ஒதுக்கும் ஆண்களுக்கும் இதுதான். சிறு இடத்தில் சோதித்து இரண்டு நாளாவது பார்க்காமல் முழுதாக அடிக்க விடாதீர்கள். கண்ணை மறைக்கும் காப்பு தராவிட்டால் எழும்பி வாருங்கள். புருவத்துக்குக் கீழே, கண்ணைச் சுற்றி ஒருபோதும் வேண்டாம். மரக்கச் செய்யும் கிறீமைக் கால் முழுக்கப் பூசிப் பொலித்தீன் சுற்றுவது உயிராபத்து, மருந்து இரத்தத்தில் ஏறி இதயத்தைத் தாக்கும்.

சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள், ஐஸும் பற்பசையும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். அன்றே படம் எடுங்கள். மெசினின் பெயரும் அலைநீளமும் எழுதிய பற்றுச்சீட்டு கையில் இருந்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடலாம்.