ஸ்வீடன் டாக்ஸ் வார்த்தைய இங்கிலீஷ்ல எப்படி எழுதறது: அப்படியே விடறதா, மாத்தறதா?

ஸ்வீடன்ல சம்பளத்துக்கு இருக்கறவங்க, ஃப்ரீலான்ஸ் பண்றவங்களோட டாக்ஸ் பேப்பரை இங்கிலீஷ்ல எழுத மூணு வழி இருக்கு. ஸ்வீடிஷ் வார்த்தைய அப்படியே விட்டு பக்கத்துல ஒரு வரி விளக்கம் போடலாம், இல்ல அங்கத்த வரித்துறை ஸ்காட்டேவெர்கெட் தன்னோட இங்கிலீஷ் பக்கத்துல எழுதற மாதிரியே எழுதலாம், இல்லனா பிரிட்டன்காரருக்கோ அமெரிக்காகாரருக்கோ ஏற்கனவே பழகின வார்த்தைய எடுத்து ஒட்டலாம். படிக்க சுகமா இருக்கறது மூணாவதுதான். மாட்டிவிடறதும் அதேதான்.

கொம்யூனால்ஸ்காட்டையே எடுங்க. சம்பளத்துல முனிசிபாலிட்டியும் ரீஜியனும் எடுத்துக்கற வருமான வரி அது, சராசரியா 32 சதவீதத்த ஒட்டி வரும். இதப் போய் கவுன்சில் டாக்ஸ்னு எழுதினா பிரிட்டன்காரர் வீட்டு வரின்னு நெனச்சுக்குவார். முனிசிபல் இன்கம் டாக்ஸ், அவ்ளோதான்.

சம்பளக்காரரோட ஆ-ஸ்காட் (ஸ்காட்னா வரி) கொஞ்சம் நைசா ஏமாத்தும். முதலாளியே பிடிச்சு கட்டிடறதால PAYE-ன்னு (பிரிட்டன்ல முதலாளி சம்பளத்துலயே வரி பிடிக்கற முறை) சொல்லத் தோணும், ஆனா பிரிட்டன்ல PAYE-ல இருக்கற நிறைய பேர் ரிட்டர்ன் போடவே மாட்டாங்க, ஸ்வீடன்ல சம்பளக்காரரும் டிக்ளரேஷனப் பாத்து மே ஆரம்பத்துக்குள்ள ஓகே பண்ணணும், அதனால வரி பிடிச்சப்புறமும் ரிட்டர்ன் போடற அமெரிக்கன் வித்ஹோல்டிங்தான் இங்க கிட்ட வருது.

எஃப்-ஸ்காட்தான் பெரிய தலைவலி. இது தனி வரியே கிடையாது, 'என் வரிய நானே கட்டிக்குவேன்'ங்கறதுக்கு ஸ்காட்டேவெர்கெட் குடுக்கற அங்கீகாரம், விதி மீறினா பிடுங்கவும் செய்வாங்க. அது இல்லாதவருக்கு வேலை குடுத்தா கம்பெனியே வரி பிடிக்கணும், சைடு வருமானம்னா வழக்கமா 30 சதவீதம், அதுக்கு மேல சோஷியல் ஃபீஸும் (சமூகப் பாதுகாப்புக்கான கட்டணம்) கட்டணும். 1099 கான்ட்ராக்டர்னு சில பேர் போடறாங்க, ஆனா அமெரிக்காவுல 1099ங்கறது பணம் குடுத்தவர் அனுப்பற ஃபார்ம், யார்கிட்டயும் அனுமதி வாங்க வேண்டாம். வெறும் எஃப்-டாக்ஸ்னு போட்டா புது வரி ஒண்ணு வந்துடுச்சுன்னு பயந்துடுவாங்க. 'அப்ரூவ்ட் ஃபார் எஃப்-டாக்ஸ்'னு முழுசா போட்டாதான் என் கணக்குல சரி. சம்பள வேலையும் சொந்தத் தொழிலும் சேர்ந்து பண்றவருக்கான எஃப்ஆ-ஸ்காட் இருக்கறவர், தொழில் வேலைக்கு தன்னோட எஃப்-ஸ்காட்தான் பொருந்தும்னு எழுத்துல சொல்லணும், பெரும்பாலும் இன்வாய்ஸ்ல எழுதிடுவாங்க, அந்த வரிய மொழிபெயர்ப்புல விட்டுடாதீங்க.

வேலை செஞ்சு சம்பாதிக்கறவருக்கு வரியக் குறைக்க 2007ல வந்த ஜாப்ஸ்காட்டேஆவ்த்ராக்ல ஆவ்த்ராக்னா கழிவு, அத நம்பி டிடக்‌ஷன்னு போட்டா தப்பு, குறையறது வருமானம் இல்ல, வரியே. சரி, அமெரிக்கன் பேர்ல எர்ன்ட் இன்கம் டாக்ஸ் கிரெடிட்னு போடலாமேன்னா அங்க வரி பூஜ்யமானாலும் மிச்சம் கையில வரும், இங்க வராது. இன்-வொர்க் டாக்ஸ் கிரெடிட் தேவலாம்.

சோஷியல் ஃபீஸ்ல முதலாளி கட்டறது சம்பளத்துக்கு மேல 31.42 சதவீதம், ஃப்ரீலான்சர் தானே கட்டற எகேன்ஆவ்யிஃப்டெர் 28.97. ரெண்டையும் பேரோல் டாக்ஸ்னு ஒரே மூட்டையா கட்டினா 40,000 க்ரோனர் சம்பளமும் 40,000 இன்வாய்ஸும் ஒண்ணுன்னு ஆயிடும், ஃப்ரீலான்சர் ரேட் பேசறப்போ அங்கதான் அடிவாங்குவார்.

மொம்ஸ்னா வாட், என்ஷில்ட் ஃபிர்மான்னா சோல் ட்ரேடர், இதுல சண்டையே இல்ல. ஆனா படிக்கறவர் தானே ஃபைல் பண்ணப் போறவர்னா என்ஏ-பிலாகா (NE-bilaga, சோல் ட்ரேடர் தொழில் கணக்கு காட்டற ஃபார்ம்) மாதிரி ஃபார்ம் பேரை மட்டும் ஸ்வீடிஷ்லயே விடுங்க, ஸ்க்ரீன்ல அவர் தேடப்போறது அந்தப் பேரைத்தான்.