உறைகுளிரில் வேட்டை: உடம்போடு எது, மேலே எது?

குளிர்கால வேட்டையில் ஆளை நடுங்க வைப்பது பெரும்பாலும் வியர்வைதான். துப்பாக்கியும் பையுமாக ஏற்றத்தில் நடக்கும்போது உடம்பு சூடேறிவிடும். இடம் வந்ததும் மானுக்காக மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். நடையில் நனைந்த துணி அப்போதுதான் வேலையைக் காட்டும். காற்றைவிட தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே எந்த உடையானாலும் நான் கேட்பது ஒன்றுதான்: வியர்த்த பிறகு உட்கார்ந்தால் அது எப்படி இருக்கும்?

பருத்தி இந்தப் போட்டியிலேயே இல்லை. ஈரத்தைக் குடித்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும், லேசில் காயாது. பனியன், ஜீன்ஸ் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

உள்ளாடைக்கு உண்மையான போட்டி மெரினோ கம்பளிக்கும் (மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளி) பாலியெஸ்டருக்கும்தான். பாலியெஸ்டர் இழை தன் எடையில் ஒரு சதவீதம்கூட ஈரம் ஏற்காது. சீக்கிரம் காயும், விலை குறைவு, முள்ளில் உரசினாலும் தாங்கும். மெரினோ தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை இழைக்குள் வாங்கினாலும் தோலுக்கு ஈரம் அவ்வளவாகத் தெரியாது. வாங்கும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளிவிடும். காய நேரமாகும், மெல்லியதாக இருந்தால் ஓட்டையும் விழும். ஆனால் வேட்டைக்காரருக்கு வாடை பெரிய விஷயம். பாலியெஸ்டரில் வியர்வை நாற்றம் ஒரே நாளில் ஏறிவிடும், மெரினோவில் சில நாள் அடங்கியே இருக்கும். (அதற்காகக் காற்றின் திசை பார்க்காமல் உட்கார்ந்துவிடக் கூடாது; மானின் மூக்குக்கு மெரினோவும் தப்பாது.) காத்திருந்து சுடுபவருக்கு என் ஓட்டு மெரினோவுக்கே. நாள் முழுக்க மலையேறித் தேடுபவர் பாலியெஸ்டரை எடுத்தால் அதுவும் சரிதான்.

அடுத்தது கனமான ஜாக்கெட். வாத்துத் தூவி (இறகுக்கு அடியில் இருக்கும் பஞ்சுபோன்ற மென்சிறகு) அடைத்தது எடைக்கேற்ற கதகதப்பில் முதலிடம். சுருட்டினால் பையின் மூலையில் அடங்கிவிடும். நனைந்தால் மட்டும் தூவி கட்டிகட்டியாகி வெறும் துணிபோல ஆகிவிடும். செயற்கை இழை கனமும் பருமனும் கூடுதல், ஆனால் ஈரத்திலும் ஓரளவு சூடு காக்கும். 1980களில் அமெரிக்க ராணுவத்துக்காக பிரைமாலாஃப்ட் என்ற செயற்கை இழை உருவானதே தூவிக்கு ஈரத்துக்குத் தோற்காத மாற்றுத் தேவைப்பட்டதால்தான். வறண்ட உறைபனிக்குத் தூவி, ஈரப்பனிக்கும் மழைக்கும் செயற்கை இழை. எதுவானாலும் நடக்கும்போது பையில் இருக்கட்டும். இடம் சேர்ந்து, மூச்சு நிதானமானதும், உடம்பு சில்லிடும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

வெளி உறையில் சத்தமும் கணக்கு. நைலான் காற்றைத் தடுக்கும், ஆனால் கை தூக்கினாலே சரசரக்கும். ஃப்ளீஸும் (பாலியெஸ்டரில் செய்த மெத்தென்ற துணி) கம்பளியும் சத்தமே போடாது, காற்று மட்டும் உள்ளே புகும். வில்லோடு பக்கத்தில் காத்திருப்பவருக்கு, உள்ளே காற்றுத் தடுப்புப் படலம் வைத்துத் தைத்த ஃப்ளீஸ்தான் நல்லது. தூரத்திலிருந்து சுடுபவருக்கு நைலானே போதும்.

காலுக்கு, இறுக்கமான பூட்டுக்குள் இரண்டு கனமான சாக்ஸைத் திணிப்பதைவிட, விரல் அசைய இடமுள்ள பூட்டில் ஒரே கம்பளி சாக்ஸ் எவ்வளவோ மேல். இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் முதலில் மரத்துப்போகும்.