ஒரே மையமா, பிராந்தியக் கலெக்டரா: டெலிகாம் என்எம்எஸ் ஒரு ஒப்பீடு

எந்த என்எம்எஸ் (நெட்வொர்க்கைக் கண்காணித்து நிர்வகிக்கும் மென்பொருள்) விற்பனையாளரைக் கேட்டாலும் "எங்களுடையது டிஸ்ட்ரிபியூட்டட்", அதாவது பிரித்து வைத்தது, என்றுதான் சொல்வார். ஒரே டேட்டா சென்டரில் பத்து விர்ச்சுவல் மெஷினாகப் பிரித்து ஓட்டுவதும் அவர் கணக்கில் டிஸ்ட்ரிபியூட்டட். பத்து பிராந்தியங்களில் பத்து கலெக்டர் (சாதனங்களிடம் டேட்டா கேட்டு வாங்கும் சர்வர்) தன் பாட்டுக்கு வேலை பார்ப்பதும் டிஸ்ட்ரிபியூட்டட். கேரியருக்கு, அதாவது டெலிகாம் நிறுவனத்துக்கு, இரண்டும் வேறு வேறு. எது எது என்று தெரிய ஒரு சோதனை போதும். பிராந்தியத்திலிருந்து மையத்துக்குப் போகும் லிங்க்கைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். அந்த நேரத்தில் டேட்டாவைச் சேகரித்தது யார், அலாரம் யாருக்குத் தெரிந்தது, ரூட்டரில் கை வைக்க யாரால் முடிந்தது? இந்த மதிப்பீடு முழுக்க இந்த மூன்று கேள்விகளைச் சுற்றித்தான்.

சேகரிப்பு: இடிப்பது சுமை இல்லை, தூரம்

"அவ்வளவு டேட்டாவை ஒரு சர்வர் தாங்காது" என்பது ஒரே மையத்தின் மீதான பழைய புகார். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10,000 சாதனங்கள், சாதனத்துக்கு 50 இன்டர்ஃபேஸ் (இணைப்பு முனை), இன்டர்ஃபேஸுக்கு 10 கவுண்டர் (எண்ணிக்கை அளவீடு), 5 நிமிடத்துக்கு ஒரு சுற்று. மொத்தம் 50 லட்சம் மதிப்புகள், விநாடிக்குச் சுமார் 16,700. ஒழுங்காக அமைத்த டைம் சீரிஸ் டேட்டாபேஸுக்கு இது பெரிய வேலை இல்லை.

தூரம்தான் படுத்தும். ஃபைபரில் ஒளி 1,000 கிலோமீட்டரைக் கடக்க 5 மில்லிவிநாடி, போய்வர 10. நடுவில் மைக்ரோவேவ் ஹாப், விபிஎன் டனல், நெரிசலான டிசிஎன் (சாதனங்களை நிர்வகிப்பதற்கான நெட்வொர்க்) எல்லாம் சேர்ந்தால் 40 மில்லிவிநாடி ஆவது சர்வசாதாரணம். 500 இன்டர்ஃபேஸ் உள்ள ரூட்டரில் 10 கவுண்டரையும், சாதனத்திடம் நிலவரம் கேட்கும் எஸ்என்எம்பி நெறிமுறையின் கெட்-நெக்ஸ்ட் கட்டளை வைத்து ஒவ்வொன்றாக எடுத்தால் 5,000 முறை போய்வர வேண்டும். 200 விநாடி ஆகும். அதையே மொத்தமாகக் கேட்கும் கெட்-பல்க்கில், மேக்ஸ்-ரிப்பிட்டிஷன் (ஒரு முறைக்கு எத்தனை மதிப்பு) 25 வைத்து எடுத்தால் 200 முறை, 8 விநாடியில் முடிந்துவிடும். பிராந்தியக் கலெக்டர் வாங்குவதற்கு முன் இந்த ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை காசு செலவில்லாமல் தீரலாம். அதற்காக 25-ஐ 100 ஆக்கிவிட வேண்டாம். பதில் பாக்கெட் எம்டியுவை, அதாவது ஒரே துண்டாகப் போகக்கூடிய உச்ச அளவை, தாண்டித் துண்டாகும். வழியில் ஏதாவது ஒரு ஃபயர்வால் ஒரு துண்டைத் தூக்கிப் போட்டால் மொத்தப் பதிலும் போச்சு.

கலெக்டரைப் பிரித்து வைப்பதற்கான உண்மையான காரணம், எல்லாம் நன்றாக ஓடும் நாளில் கண்ணில் படாது. டைம்அவுட் 5 விநாடி, ரீட்ரை 3 என்று வைத்திருந்தால், பதில் சொல்லாத ஒரு சாதனம் ஒரு போலர் திரெட்டை (சாதனங்களை வரிசையாகக் கேட்டு வரும் வேலை இழையை) 20 விநாடி பிடித்து வைக்கும். ஒரு ரிங்கில் இரண்டு இடத்தில் ஃபைபர் அறுந்து 300 சாதனங்கள் எட்டாமல் போகின்றன என்று வையுங்கள். 50 திரெட் உள்ள போலருக்கு வெறும் காத்திருப்பிலேயே 2 நிமிடம் போகும். சாதனத்துக்கு நான்கு செக் தனித்தனியாகப் போனால் 8 நிமிடம். 5 நிமிடச் சுற்று அங்கேயே உடைந்தது. விளைவு, எந்தக் கோளாறும் இல்லாத பிராந்தியங்களின் கிராஃபிலும் ஓட்டை விழும். ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள், எட்டாத சாதனங்களுக்கென்று தனி போலர் வைத்திருப்பது இதற்காகத்தான். பிராந்தியக் கலெக்டர் இருந்தால் இந்தத் தொற்று அந்தப் பிராந்தியத்தோடு நிற்கும்.

டிராப்பும், அதாவது சாதனம் தானாக அனுப்பும் அலாரச் செய்தியும், அப்படித்தான். ரசீது இல்லாத யுடிபி, போர்ட் 162. போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பிய சாதனத்துக்குத் தெரியாது. நீண்ட வழியில் ஒரு 'கிளியர்' டிராப் தொலைந்தால், சரியாகிவிட்ட அலாரம் நாள்கணக்கில் சிவப்பாகவே நிற்கும். டிராப்புக்குப் பதில் இன்ஃபார்ம் வகைச் செய்தி வைத்தால் ரசீது கிடைக்கும். ஆனால் எஸ்என்எம்பி வெர்ஷன் 3-இல் ஒரு கண்ணி உண்டு. டிராப்புக்கு அனுப்புகிறவரின் எஞ்சின் ஐடி (அடையாளக் குறி) போதும். இன்ஃபார்முக்குப் பெறுகிறவரின் எஞ்சின் ஐடி வேண்டும். ஸ்டாண்ட்பை ரிசீவருக்கு வேறு எஞ்சின் ஐடி இருந்தால், ஃபெயில்ஓவர் ஆன (முதன்மை விழுந்து மாற்று பொறுப்பேற்ற) பிறகு அந்த ஐடி பதிவாகாத சாதனங்களிலிருந்து ஒன்றும் வராது. திரை அமைதியாக இருக்கும். எல்லாம் நலம் என்று எண்ணிக்கொள்வார்கள். எப்படியிருந்தாலும், சாதனத்தின் ஆக்டிவ் அலாரம் பட்டியலைக் குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்து ஒத்துப் பார்க்கும் வசதி இல்லாத என்எம்எஸ்-ஐ வாங்க வேண்டாம்.

பெயர் ஒன்று, வேலை வேறு

பிராந்தியத்தில் வைக்கும் ஜாபிக்ஸ் ப்ராக்ஸியும், ஓபன்என்எம்எஸ் என்ற இன்னொரு மென்பொருளின் மினியனும் விளக்கப் படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்: நடுவில் ஒரு பெட்டி, சுற்றிலும் சின்னப் பெட்டிகள். லிங்க்கைப் பிடுங்கினால் வேறாக நடந்துகொள்ளும்.

ஜாபிக்ஸ் ப்ராக்ஸி எதை எப்போது போல் செய்வது என்ற பட்டியலைத் தன்னிடமே வைத்திருக்கிறது. மையம் இல்லாவிட்டாலும் சேகரித்துத் தன் டேட்டாபேஸில் போட்டு வைக்கும், லிங்க் திரும்பியதும் அனுப்பும். எவ்வளவு நேரத்துக்குச் சேர்த்து வைக்கும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆஃப்லைன் பஃபர் அளவுருவைத் தொடாமல் விட்டால் 1 மணி நேரம்தான். அதை 720 மணி வரை ஏற்றலாம். 1,000 சாதனங்கள் உள்ள பிராந்தியத்துக்கு, மேலே போட்ட கணக்கில் விநாடிக்கு 1,670 மதிப்புகள். ஒன்றுக்கு 100 பைட் என்று தாராளமாக வைத்தாலும் ஒரு நாளைக்கு 15 ஜிபிக்குள் அடங்கும். ஆகவே 24 மணிக்குக் குறைவாக வைப்பதற்குக் காரணமே இல்லை.

மினியன் வேறு ரகம். போலிங் அட்டவணை மையத்தில் இருக்கிறது. மையம் மெசேஜ் புரோக்கர் (செய்திகளைக் கடத்தும் இடைநிலை மென்பொருள்) வழியாக "இதைக் கேள்" என்று சொன்னால்தான் மினியன் கேட்கும். லிங்க் அறுந்தால் போலிங் நின்றுவிடும். ஃபயர்வாலுக்குப் பின்னால் இருக்கும், ஐபி முகவரிகள் ஒன்றின்மேல் ஒன்று விழும் நெட்வொர்க்குகளுக்குள் கை நீட்ட இது அருமையான கருவி. லிங்க் அறுபட்ட நேரத்தில் பிராந்தியத்தைக் கவனிக்கும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

ஜாபிக்ஸ்காரர்களும் ரொம்ப மகிழ வேண்டாம். ப்ராக்ஸி டேட்டாவைச் சேகரிக்கும், அவ்வளவுதான். டிரிகர் (அலாரம் எழுப்பும் நிபந்தனை) கணக்கிடுவதும் அலாரம் அனுப்புவதும் மைய சர்வர். அரை மணி சோதனையில் முதல் கேள்விக்குப் பாஸ், இரண்டாவதில் ஃபெயில். பிராந்தியக் குழு தன் ஊர் அலாரத்தைப் பார்க்க முடியாமல் இருக்கும், டேட்டா பக்கத்து ரேக்கிலேயே கிடந்தாலும். 2024-இல் வந்த ஜாபிக்ஸ் 7.0-இல் ப்ராக்ஸி குரூப் சேர்ந்தது. ஒன்று விழுந்தால் அதன் சாதனங்களை மற்றவை எடுத்துக்கொள்ளும். நல்ல வசதி, ஒரு நிபந்தனையோடு: ரூட்டர்களின் எஸ்என்எம்பி ஏசிஎல்லில் (அனுமதிப் பட்டியலில்) எல்லா ப்ராக்ஸி முகவரியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாதனங்கள் அடுத்த ப்ராக்ஸிக்குக் கைமாறியதாகத் திரையில் பச்சை காட்டும், ஒரு ரூட்டரும் பதில் சொல்லாது.

நெட்கூல் ஆம்னிபஸ் என்ற அலார மேலாண்மை மென்பொருள் பழைய ஆள், ஆனால் இந்த விஷயத்தில் யோசித்துக் கட்டியது. சேகரிப்பு, ஒருங்கிணைப்பு, காட்சி என்று மூன்று அடுக்காக, அலாரங்களை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்சர்வரைப் பிரிக்கலாம். மேலே உள்ளது போனால், அடியில் சேகரிக்கும் புரோப்கள் நிகழ்வுகளைக் கோப்பில் சேர்த்து வைத்துப் பிறகு அனுப்பும். ஒரே அலாரம் ஆயிரம் முறை வந்தால் ஒரு வரியில் எண்ணிக்கை மட்டும் ஏறும். சேர்த்து வைத்தது மொத்தமாக வந்து கொட்டும் நேரம்தான் தலைவலி: மூன்று மணி நேரத்துக்கு முந்தைய அலாரம் புதிதுபோல் வரிசை கட்டும். டிக்கெட் திறக்கும் விதிகள் வந்து சேர்ந்த நேரத்தைப் பார்க்காமல் நடந்த நேரத்தைப் பார்க்கும்படி எழுதியிருக்க வேண்டும்.

காரணம் கண்டுபிடிப்பதில் மையம்தான் ஜெயிக்கும்

இரண்டு பிராந்தியங்களுக்கு நடுவே 80 சேனல் ஓடும் டிடபிள்யூடிஎம் (ஒரே இழையில் பல ஒளி அலைநீளங்கள்) ஃபைபர் அறுகிறது. இரு முனையிலும் சிக்னல் இழப்பு அலாரம். ஒவ்வொரு சேனலின் கீழும் ஏஐஎஸ் (மேலே கோளாறு என்ற அறிவிப்பு). ரூட்டர்களில் லிங்க் டவுன், ரூட்டர்கள் வழித்தகவல் பரிமாறும் ஐஎஸ்-ஐஎஸ் அண்டை உறவு அறுந்தது, அதேபோல் பிஜிபி செஷன் விழுந்தது. மாற்றுப் பாதை இல்லாத பேஸ் ஸ்டேஷன்கள் எட்டவில்லை. முழுக்கப் பிரித்து வைத்த அமைப்பில் இரண்டு பிராந்தியமும் தனித்தனி டிக்கெட் திறக்கும். ஒரே வெட்டைத் தேடி இரண்டு பக்கத்திலிருந்தும் வண்டி கிளம்பும். இரு முனையும் ஒரே ஃபைபர் என்பதை அறிந்த இன்வென்டரியும் (சாதனப் பட்டியல்) டோபாலஜியும் (இணைப்பு வரைபடம்) ஓரிடத்தில் இருந்தால் மட்டுமே ஒரே மூலக் காரணம் தெரியும். இதைப் பிரிக்கச் சொல்லும் எந்த வடிவமைப்பையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

ஆனால் பிரிந்து கிடக்கும் கலெக்டர்களிலிருந்து மையத்துக்கு வரும் வழியில் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப நடக்கும். ஒன்று கடிகாரம். கலெக்டர்களின் என்டிபி (நேர ஒத்திசைவு) 3 விநாடி விலகினால், விளைவு முன்னாலும் காரணம் பின்னாலும் வந்து, அலாரங்களைக் கோத்துக் காரணம் தேடும் கோரிலேஷன் எஞ்சின் பேஸ் ஸ்டேஷனைக் குற்றவாளி ஆக்கும். இன்னொன்று, செய்திகளைக் கடத்தும் மென்பொருளான காஃப்கா. அதில் வரிசை ஒரு பார்ட்டிஷனுக்குள் (உட்பிரிவுக்குள்) மட்டுமே காக்கப்படும்; எந்தப் பார்ட்டிஷன் என்பதைக் கீ தீர்மானிக்கும். சாதன ஐடியைக் கீயாகக் கொடுக்காமல் செய்திகளைச் சுற்றிப் பங்கிட்டால், 'கிளியர்' முதலில் வந்து 'ரைஸ்' (அலாரம் எழுந்த செய்தி) பிறகு வரும், அலாரம் ஒட்டிக்கொள்ளும். கீயில் பிராந்தியத்தின் பெயரும் சேரட்டும். இரண்டு பிராந்தியத்தில் ஒரே 10.x முகவரி இருப்பது அபூர்வம் இல்லை.

மையத்தை இரட்டிப்பாக்குவதிலும் ஒரு மயக்கம் உண்டு. பெரும்பான்மை ஓட்டில் முடிவெடுக்கும் ராஃப்ட் வகை கிளஸ்டரில் 3 நோடு (சர்வர்) இருந்தால் 1 போகலாம், 5 இருந்தால் 2. அந்த மூன்றையும் இரண்டு சைட்டில் 2, 1 என்று வைத்தால், இரண்டு உள்ள சைட் விழுந்தவுடன் மீதி ஒன்றும் முடிவெடுக்காமல் நிற்கும். மூன்றாவதாக ஒரு சின்ன சைட், ஓட்டுக்காக மட்டும் இருக்கும் ஒரு விட்னஸ் நோடுக்காவது, கட்டாயம் வேண்டும்.

கான்ஃபிகரேஷன்

மாற்றங்களின் பதிவேடு மையத்தில் ஒன்றுதான் இருக்க வேண்டும். ஒரு சாதனத்துக்கு ஒரே சொந்தக்காரர். எல்லை ரூட்டரை இரண்டு பிராந்திய அமைப்புகள் எழுதினால், ஒன்று போட்டதை இன்னொன்று "விலகல்" என்று அழிக்கும். மையத்தின் ஆபத்து இதற்கு நேரெதிர்: ஒரே தவறான டெம்ப்ளேட், ஒரே கிளிக், மொத்த நெட்வொர்க். முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு ஒரு பிராந்தியம் என்று படிப்படியாகப் போக மென்பொருளே கட்டாயப்படுத்துகிறதா பாருங்கள். சாதனங்களின் அமைப்பை மாற்றும் நெறிமுறையான நெட்கான்ஃபின் கன்ஃபர்ம்டு கமிட் (உறுதிப்படுத்தினால்தான் நிலைக்கும் மாற்றம்) இங்கே உயிர் காக்கும். உறுதிப்படுத்தும் செய்தி வராவிட்டால் சாதனம் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நேரம் குறிப்பிடாவிட்டால் 600 விநாடி. மாற்றத்தால் மைய இணைப்பே அறுந்தாலும், திரும்பும் முடிவு சாதனத்திடமே இருக்கிறது. இந்த வசதியை என்எம்எஸ் உண்மையில் பயன்படுத்துகிறதா என்று டெமோவில் கேளுங்கள். பல அமைப்புகள் நெட்கான்ஃப் ஆதரவு என்று சொல்லிவிட்டு வெறும் கமிட்டோடு நிறுத்திக்கொள்கின்றன.

எந்தக் கட்டமைப்பை வாங்கினாலும் டிசிஎன் சரியில்லையென்றால் வீண். 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நெட்வொர்க் விழுந்தபோது, மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கும் அதே ஐபி கோர் (மைய நெட்வொர்க்) பகுதியை நம்பியிருந்ததால் பொறியாளர்களால் தங்கள் ரூட்டர்களையே எட்ட முடியவில்லை. மூன்றாவது கேள்விக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. பழைய எஸ்டிஹெச் (ஃபைபர் டிரான்ஸ்மிஷன்) சாதனங்களின் டிசிசி (நிர்வாகத் தகவலுக்கான உட்சேனல்) வழியே சமாளிக்கலாம் என்றால், டி1 முதல் டி3 வரையிலான பைட்டுகள் தருவது 192 கேபிபிஎஸ் மட்டுமே. 100 எம்பி மென்பொருள் ஒன்றை அனுப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அலாரத்துக்குப் போதும், அப்கிரேடுக்குப் போதாது.

பிரித்து வைத்த அமைப்பின் மறைமுகச் செலவு பராமரிப்பில் வரும். 12 கலெக்டர் என்றால் 12 இடத்தில் எம்ஐபி (சாதனம் அனுப்பும் எண்களுக்குப் பெயர் தரும் கோப்பு), டிராப் விதிகள், சான்றிதழ் காலாவதி. ஒன்றில் மட்டும் பழைய எம்ஐபி இருந்தால் அந்தப் பிராந்தியத்தின் அலாரம் வெறும் எண் வரிசையாகத் தெரியும். கலெக்டர்களைக் கையால் அப்டேட் செய்யும் நிறுவனம் பிரித்து வைக்கவே வேண்டாம்.

எங்கள் தேர்வு

2,000 சாதனங்களுக்குள், போய்வரும் நேரம் 20 மில்லிவிநாடிக்குள் என்றால் ஒரே மையம், கூடவே டிஆர் (பேரிடருக்கான மாற்று) சைட். அதற்கு மேல் காசு போட வேண்டாம். பல பிராந்தியம் உள்ள கேரியருக்கு: தானே போல் செய்து, 24 மணி பஃபரோடு, உள்ளூர் அலாரத் திரையும் தரும் கலெக்டர், கோரிலேஷன், இன்வென்டரி, கான்ஃபிக் பதிவேடு மூன்றும் மையத்தில். பிராந்தியத்துக்கு ஒரு முழு என்எம்எஸ், மேலே ஒரு குடை அமைப்பு என்ற ஏற்பாடு, தனித்தனி நிறுவனங்களாக நடக்கும் குழுமங்களுக்கு மட்டும்.

ஆர்டர் போடுவதற்கு முன் சோதனையை இப்படிச் செய்யுங்கள். கலெக்டருக்கும் மையத்துக்கும் நடுவே லிங்க்கைத் துண்டிக்கவும். துண்டித்த பிறகு 5,000 டிராப் அனுப்பவும், அதில் 500 'கிளியர்' இருக்கட்டும். 30 நிமிடம் கழித்து இணைக்கவும். மையத் திரையில் மிஞ்ச வேண்டிய அலாரம் எத்தனை என்று முன்கூட்டியே தாளில் எழுதி வைத்து, ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு கலெக்டரின் கடிகாரத்தை 5 விநாடி தள்ளிவைத்து மறுபடி ஒருமுறை. இதற்கு "லைவ் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில் வந்தால், கையெழுத்தையும் லைவ் போன பிறகே போடுவதாகச் சொல்லிவிடுங்கள்.